காரின் சாய்வு தீர்த்த படலம்

திருநெட்டேரியில் புத்திசாலிகளும் இருந்திருக்கலாம். அவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்ததெல்லாம் இந்த நான்கு பேரைப் பற்றித்தான்.

நான்கு பேருக்கும் ஒரே தொழில். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் புளியங்கட்டையைச் செருகி நிறுத்துவார்கள். தெருமுனை வந்தால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துத் திருப்புவார்கள். மற்ற இடங்களில் முட்டுக்கட்டை போடுகிறவனை வைவார்கள். திருநெட்டேரியில் வேட்டி, துண்டு கொடுத்து மேளத்தோடு அழைத்து வருவார்கள். அது வருஷத்தில் ஒரு நாள். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் நால்வரும் தேரடியில் உட்கார்ந்து அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசுவார்கள்.

மூத்தவர் ஆளவந்தார். தேரில் முதல் கட்டை அவருடையது, பேச்சில் முதல் வார்த்தையும் அவருடையது. அடுத்தவர் சிங்காரவேலு. நல்ல ஆகிருதி. அவர் சக்கரத்தின் பக்கத்தில் சும்மா நின்றாலே தேர் கொஞ்சம் யோசிக்கும். மூன்றாமவர் பக்கிரி. கார் ஓட்டத் தெரிந்தவர், அதாவது லைசென்ஸ் வைத்திருந்தவர். கடைசி ஆள் தில்லைக்கண்ணு. வயது முப்பத்தேழு, அம்மா அப்பா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை.

சும்மா இருக்கிற நாட்களுக்கு ஒரு வேலை வேண்டும் என்று நால்வரும் சேர்ந்து ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார்கள். ரயிலடிக்கும் ஊருக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் ஏரிக்கரைச் சாலை. அதில் சவாரி ஓட்டினார்கள். காருக்குச் சின்னத்தேர் என்று பெயர் வைத்துப் பொட்டும் வைத்தார்கள்.

நேர்ச் சாலையில் சின்னத்தேர் பிரமாதமாகப் போகும். வளைவு வந்தால்தான் சாயும். பஸ்ஸில் தூங்குகிற ஆள் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் எப்படி விழுவான்? அப்படி மெதுவாக, முழு நம்பிக்கையோடு சாயும். ஏரிக்கரைச் சாலையில் மொத்தம் ஏழு வளைவு. ஏறும்போது கிழக்கே பார்த்து உட்கார்ந்தவர் இறங்கும்போது வடக்கே பார்த்துக் கிடப்பார். இதையெல்லாம் நால்வரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர் என்றால் ஆடத்தான் செய்யும்.

தில்லைக்கண்ணுவுக்குச் சம்பந்தம் வந்த பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

முப்பத்தேழு வயசில் ஒருவன் சாயங்காலம் தனக்கு மட்டும் காபி போட்டு, தானே குடித்து, தானே டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதை ஊர் கவனிக்காது. அவன் மட்டும் கவனிப்பான். வருஷத்தில் ஒரு நாள் வேலை செய்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் சோறா என்று கேட்டுவிட்டு ஆறு பெண் வீட்டார் போய்விட்டார்கள். ஏழாவதாக வந்தது தையல்நாயகி அம்மாளின் மகள் கமலவேணி. பெண் பார்த்தாயிற்று. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. இனி அம்மாள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்த அம்மாளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. ரயில் நேராகப் போவதால் பரவாயில்லை. வளைந்தால் தலை சுற்றும், உடனே வாந்தி. இதனாலேயே மூன்று மாப்பிள்ளைகளைத் தள்ளியிருந்தார். "வாந்தி எடுத்துக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல நான் எறங்குனா, அந்த வீட்ல எம்பொண்ணு எப்படி நிமிந்து நிப்பா?" என்பது அவர் நியாயம்.

"பத்து நாள் கழிச்சு வர்றேன். கார் அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நால்வரும் அன்றைக்கே ஒத்திகை பார்த்தார்கள். ஒரு பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பின் சீட்டில் வைத்தார்கள். அதுதான் அம்மாள். தில்லைக்கண்ணு சொம்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். முதல் வளைவில் சொம்பு கொஞ்சம் தளும்பியது. இரண்டாவது வளைவில் சிங்காரவேலுவின் மடியில் முழுசாகக் கவிழ்ந்தது.

"போச்சு. அத்தை வாந்தி எடுத்துட்டாங்க" என்றான் தில்லைக்கண்ணு.

"எம் மேலேயேவா?" என்றார் சிங்காரவேலு, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

மறுநாள் மெக்கானிக் சவரிமுத்துவிடம் போனார்கள். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. நால்வரும் அந்தக் கால்களுக்கு வணக்கம் சொல்லி, கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார்கள்.

"வளைவுல சாயுதா?" என்றன கால்கள். "மொதல்ல, மேல இருக்கிற பாரத்தைக் கீழ எறக்கு. பாரம் எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு நல்லது. ஸ்பிரிங்கு தளந்து போயிருக்கும், கெட்டியாப் போடு. அப்புறம் எடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சேர்த்துக் கட்டணும். ஒரு பக்கம் சாயறப்ப இன்னொரு பக்கம் புடிச்சுக்கும். ஓட்டுறவரு யாரு?"

"நான்தாங்க, பக்கிரி."

"பிரேக்கு, கியரு, எல்லாத்தையும் வளைவுக்கு முன்னாடியே முடிச்சுடு. வளைவுக்குள்ள போனப்புறம் ஒண்ணும் பண்ணாதே. சும்மா இரு. புரியுதா?"

"நல்லாப் புரியுதுங்க."

அந்தப் பதில் எப்படியோ சவரிமுத்துவைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். லாரிக்கு அடியிலிருந்து தலையையும் நீட்டினார். "வண்டிய விட்டுட்டுப் போங்களேன். நாளன்னிக்கு சாயங்காலம் நானே சரி பண்ணித் தர்றேன்."

ஆளவந்தார் சிரித்தார். "தேர்ல வெளியாளு கை வைக்கிற வழக்கம் இல்லீங்க."

"யோவ், இது காருய்யா."

"உங்களுக்குக் காரு."

சவரிமுத்துவின் தலை உள்ளே போய்விட்டது. ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

தேரடியில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் அதே நான்கு பேர்தான். ஆனால் தலைவர், செயலாளர் எல்லாம் உண்டு.

"மேல இருக்கிற பாரத்தைக் கீழ எறக்கணும். மேல என்னடா இருக்கு?" என்று கேட்டார் ஆளவந்தார்.

"கூரை" என்றார் பக்கிரி.

"அதுக்கு மேல?"

"ஆகாசம்."

"அதுக்குப் பாரம் உண்டா?"

சிங்காரவேலு யோசித்தார். "மழை நாள்ல உண்டு."

"இப்ப மழை இல்லை. அப்ப கூரையை எறக்கு."

ஒரு முழுப் பகல் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்துக் கூரையைத் தனியாக எடுத்தார்கள். அதைத் தூக்கிப் போய்க் கோயில் மதிலோரம் சாய்த்து வைக்கப் போன தில்லைக்கண்ணுவை ஆளவந்தார் அதட்டினார்.

"எங்கடா கொண்டு போறே? கீழ எறக்குன்னுதானே சொன்னாரு. தூக்கிப் போடுன்னு சொன்னாரா?"

கூரையைக் காருக்குள்ளேயே தரையில் விரித்தார்கள். அது உட்கார வேண்டும் என்பதற்காக சீட்டுகளைப் பிடுங்கினார்கள். இதில் ஒரு லாபமும் இருந்தது. சீட்டில் உயரமாக உட்கார்ந்திருந்த மனிதப் பாரமும் கீழே இறங்கிவிட்டது. பக்கிரியும் தரையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் இப்போது அவர் தலைக்கு மேலே இருந்தது. பரணில் இருக்கிற ஊறுகாய் ஜாடியைத் துழாவுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓட்டினார்.

"ரோடு தெரியலண்ணே" என்றார்.

"பொறந்ததுலேர்ந்து போய் வர்ற ரோடு. அதைப் புதுசா என்னத்தடா பார்க்கப் போறே?"

அடுத்து ஸ்பிரிங். கெட்டியாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. எதைவிட எது கெட்டி என்று ஒரு காலைப்பொழுது வாதம் நடந்தது. இரும்பு என்றார் பக்கிரி. கருங்கல் என்றார் சிங்காரவேலு. ஆளவந்தார் பெரிய தேரைக் கைகாட்டினார்.

"முந்நூறு வருஷமா ஓடுது. அதுல ஸ்பிரிங்கு உண்டா?"

"இல்லண்ணே. முழுக்க இலுப்பை மரம்."

"சாமி என்னிக்காவது வாந்தி எடுத்திருக்காரா?"

இந்தக் கேள்விக்கு அந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் பதில் கிடையாது. நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி எறிந்துவிட்டு, தேரடியில் கிடந்த பழைய இலுப்பைக் கட்டையைத் துண்டு போட்டு அடித்து இறுக்கினார்கள். கார் இப்போது சாயவில்லை. குதித்தது. ஏரிக்கரையில் ஒரு சின்னக் கல்மேல் ஏறியதும் சிங்காரவேலு ஒரு முழம் மேலே போய்த் திரும்பி வந்தார். வந்தபோது ஒரு பல் கையில் இருந்தது.

"சாயறது நின்னுடுச்சுண்ணே. இப்ப குதிக்குது" என்றான் தில்லைக்கண்ணு.

"நேராக் குதிக்குதா, கோணலாக் குதிக்குதா?"

"நேராத்தான்."

"அப்ப சரி. அடுத்ததுக்குப் போ."

இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் கட்டுவதில் குழப்பமே இல்லை. தேர் இழுக்கிற வடத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள். இடது பக்கம் உட்கார்ந்த சிங்காரவேலுவின் இடுப்பையும் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டும் பக்கிரியின் இடுப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். ஒருவர் சாயும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. அடுத்த குதியில் சிங்காரவேலு கதவைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தார். ஏற்பாட்டின்படி பக்கிரியும் கூடவே போனார். கார் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய், கூட வந்தவர்களைக் காணோமே என்பது போல நின்றது.

பின்னால் இருந்த ஆளவந்தார் குரல் கொடுத்தார். "என்னடா, புடிச்சுக்கிட்டியா?"

"புடிச்சுக்கிட்டேண்ணே. விடவே இல்லை" என்றார் பக்கிரி, சாலையிலிருந்து.

கயிறு வேலை செய்கிறது என்று முடிவானது.

கடைசி உத்தரவு பக்கிரிக்கு மட்டும். வளைவுக்கு முன்னாடியே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், வளைவுக்குள் ஒன்றும் செய்யக் கூடாது. பக்கிரி ரொம்ப நேர்மையான மனிதர். சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கிளம்பினார்கள். முதல் வளைவுக்கு நூறடி இருக்கும்போது பிரேக்கை மிதித்தார், கியரை மாற்றினார், மூக்கைச் சிந்தினார், வெற்றிலையைத் துப்பினார், சிங்காரவேலுவிடம் சொல்ல நினைத்திருந்த ஒரு விஷயத்தையும் சொல்லி முடித்தார். வளைவு வந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சாலை இடது பக்கம் திரும்பியது. சின்னத்தேர் திரும்பவில்லை. கரைமேல் ஏறி, சரிவில் இறங்கி, ஏரிக்குள் நேராகப் போய்ச் சக்கரம் மூழ்க நின்றது. இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. தண்ணீர் கதவு வழியாக உள்ளே வந்து நால்வரின் இடுப்பைத் தொட்டது.

பிறகு தில்லைக்கண்ணு மெதுவாகச் சொம்பைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணே, ஒரு சொட்டுக்கூடச் சிந்தல."

"பார்த்தியா?" என்றார் ஆளவந்தார்.

"ஆனா ஏரித் தண்ணி உள்ள வந்திருக்கேண்ணே" என்றார் சிங்காரவேலு.

"அது வந்த தண்ணி. போன தண்ணி இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் பேசாதே."

ஊரே திரண்டு வடத்தைக் கட்டிக் காரை இழுத்தது. யாரோ பழக்க தோஷத்தில் தேங்காய்கூட உடைத்துவிட்டார்கள். காரைத் தேரடி வெயிலில் நெல் மாதிரி மூன்று நாள் காயவைத்தார்கள். புரட்டிப் போடத்தான் முடியவில்லை. காய்ந்தபோது அம்மாள் வருவதற்கு ஒரு நாள்தான் மிச்சம்.

தில்லைக்கண்ணு தேர்ச் சக்கரத்தில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். "விட்டுடுங்கண்ணே. ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியிருந்தா நேராவே வந்திருப்பாங்க. எங்கப்பா தப்பான எடத்துல கட்டிட்டாரு. நான் எப்பவும் போல ஒத்தையாவே இருந்துக்கறேன்."

சிங்காரவேலு மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்கிரி வேறு பக்கம் பார்த்தார். ஆளவந்தார் மட்டும் பெரிய தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பக்கிரி, நம்ம தேரு தெருமுனையில என்னிக்காவது ஓடியிருக்கா?" என்றார்.

"இல்லண்ணே. முனையில நிக்கும்."

"அப்ப யாரு ஓடுவா?"

"நாமதான். கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம்."

"நிக்கிற வண்டி சாயுமா?"

"சாயாது."

"அப்ப இத்தனை நாளும் நாம என்ன தப்புடா பண்ணினோம்?"

மூவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. வளைவில் காரை ஓட்டியதுதான் தப்பு. வளைவில் ஓட வேண்டியவர்கள் மனிதர்கள். முந்நூறு வருஷமாகத் தெரிந்த ஒன்றை ஒரு ஜோடிக் காலின் பேச்சைக் கேட்டு மறந்துவிட்டோமே என்று ரொம்பவும் வெட்கப்பட்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணி ரயிலில் தையல்நாயகி அம்மாள் இறங்கினார். பட்டுப்புடவை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். காரைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"கூரை எங்கப்பா?"

"கீழ இருக்குங்கம்மா. நீங்க அதும்மேலதான் உக்காரப் போறீங்க" என்றார் ஆளவந்தார்.

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதான். தலைக்கு மேல பாரம் இருந்தாத்தான் எனக்குச் சுத்தும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். ஆளவந்தாருக்கு அந்தக் கணமே இந்த இடம் அமைந்துவிடும் என்று தோன்றியதாம்.

இலுப்பைக் கட்டை குதிக்காத வேகத்தில், நடக்கிற மனிதனுக்குக் கொஞ்சம் பின்னாலேயே, கார் போனது. முதல் வளைவு வந்ததும் ஆளவந்தார் சிவப்புத் துண்டை வீசினார். கார் நின்றது. நால்வரும் குதித்தார்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை விழுந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் மசகு தடவிய இரும்புத் தகடு போனது.

"அம்மா, கொஞ்சம் எறங்குங்க. வளைவு வருது."

அம்மாள் இறங்கி, வளைவை நடந்து கடந்து, அந்தப் பக்கம் ஒரு வேப்பமர நிழலில் நின்றார். நால்வரும் காரைத் தோளால் நெம்பி, அங்குலம் அங்குலமாகத் திருப்பி, தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினார்கள். அம்மாள் ஏறினார். தில்லைக்கண்ணு அவர் முகத்தையே பார்த்தான்.

"தலை சுத்துதாங்க அத்தை?"

"இல்லையேப்பா" என்றார் அம்மாள், ஆச்சரியமாக. "வளைஞ்சதே தெரியல."

மூன்றாவது வளைவில் ஒரு போக்குவரத்து ஏட்டு நின்றிருந்தார். காலியான கார் ஒன்றை நாலு பேர் தள்ளி வர, பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தோடு பின்னால் நடந்து வருவதைப் பார்த்தார். கை காட்டி நிறுத்தினார்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. நல்லா ஓடுது" என்றார் பக்கிரி.

"அப்ப ஏன்யா தள்றீங்க?"

"வளைவுங்க."

ஏட்டு நோட்டை எடுத்தார். "சீட் பெல்ட் எங்கே?"

"சீட்டே இல்லீங்க."

ஏட்டு நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். சீட் இல்லாதவனுக்கும், கூரையைத் தரையில் வைத்திருப்பவனுக்கும், ஓடாத வண்டியில் ஏறாத பயணிக்கும் அதில் எந்த இடத்திலும் கட்டம் போடவில்லை. கட்டம் இல்லாத குற்றத்தை அரசாங்கம் குற்றமாகக் கருதாது. ஒரு சல்யூட் வைத்துவிட்டு, நிழலைத் தேடிப் போனார்.

நாலு, ஐந்து, ஆறு. வெயில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. வளைவுகள் நீளமாக இருந்ததால் ஆறு கிலோமீட்டரில் அம்மாள் காரில் வந்தது ஒன்றரை, நடந்தது மீதி. ஆனாலும் வாந்தி இல்லை. ஏழாவது வளைவு ஊர் முகப்பிலேயே. அது திரும்பினால் தில்லைக்கண்ணுவின் வீடு. துண்டு வீசப்பட்டது. கார் நின்றது.

"அம்மா, கடைசி வளைவு. எறங்குங்க."

அம்மாள் அசையவில்லை. "என்னால ஆவாதுப்பா. முட்டி ரெண்டும் போச்சு. இனிமே ஒரு அடி வைக்க முடியாது."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் இறங்க மாட்டார். அவர் உள்ளே இருக்கும்போது கார் வளையக் கூடாது. வீடோ வளைவுக்கு அந்தப் பக்கம்.

"அண்ணே, தூக்கிக்கிட்டுப் போயிடலாமா?" என்றார் சிங்காரவேலு.

"தூக்கிக்கிட்டு வளைஞ்சா மட்டும் அது வளைவு இல்லையா?"

"வளைவை எடுத்துடலாமா?"

"பொதுப்பணித் துறைக்கு எழுதணும். அவங்க வர்றதுக்குள்ள கண்ணுவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்துடும்."

அம்மாள் சூரியனைப் பார்த்தார். "ராத்திரி ரயிலுக்கு நான் திரும்பணும். வீட்டைப் பார்க்காமப் போனா அப்புறம் யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

தில்லைக்கண்ணு திரும்பி ஓடினான். ஓடிப் போய் என்ன செய்யப் போகிறான் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கயிற்றுக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். சாலையில் காருக்கு முன்னால் போட்டான். மறுபடி ஓடினான். ஸ்டவ் வந்தது. அலமாரி வந்தது. மற்ற மூவருக்கும் புரிந்துவிட்டது. நால்வரும் ஓடினார்கள். குடம், குத்துவிளக்கு, துணிக்கொடி, கொடியில் கிடந்த துணி, சாமி படங்கள், காலண்டர், காலண்டர் மாட்டியிருந்த ஆணி எல்லாம் வந்தன. வாசல் கதவை நிலையோடு பெயர்த்து எடுத்து வந்து காருக்கு நேரே நிறுத்தி, சிங்காரவேலு பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஆளவந்தார் கதவுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து நாலு இழை கோலமும் போட்டார்.

தில்லைக்கண்ணு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கும்பிட்டான். "வாங்க அத்தை."

"இருக்கட்டும்பா. இங்கேர்ந்தே பார்க்கிறேன்."

காரிலிருந்தபடியே அம்மாள் வீட்டைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். ஒரு மாட்டு வண்டி வீட்டுக்குள் நுழைந்து சமையல்கட்டு வழியாக வெளியே போனது. தில்லைக்கண்ணு இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தான். ஒன்று பழசு. இன்னொன்று புதுசு, கடையில் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்கவில்லை. புதுசை அம்மாளிடம் நீட்டினான். விளிம்பு வரை நிரப்பியிருந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அம்மாள் குடித்தார்.

"வீடு நல்ல வெளிச்சமா இருக்கு" என்றார் அம்மாள். "காத்தும் பிரமாதம். போன மூணு வீடும் ஒரே புழுக்கம். ஒண்ணு மட்டும் சொல்றேன், மழைக்கு முன்னாடி மேல கொஞ்சம் பார்த்துக்குங்க." டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "பொண்ணைக் குடுக்கிறேன்."

சிங்காரவேலு கை தட்டினார். அவர் பிடித்திருந்த வாசல் கதவு கீழே விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வளர்பிறையில் பெண் வீட்டில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. ஐயர் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, "அக்கினியை மூணு தரம் வலம் வாங்கோ" என்றார்.

"வலம் வர்றதுன்னா?" என்று கேட்டார் தையல்நாயகி அம்மாள்.

"சுத்தி வரணும்மா."

"முழுசா வளைஞ்சா?"

"பின்னே? வளையாம எப்படிச் சுத்தறது?"

கமலவேணியும் அம்மா வாகு, ராட்டினத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தில்லைக்கண்ணுவைப் பார்த்தாள். தில்லைக்கண்ணு ஆளவந்தாரைப் பார்த்தான். ஆளவந்தார் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் அப்படியே உக்காருங்க. ஒருத்தரும் அசையக் கூடாது. சிங்காரவேலு, நெருப்பைத் தூக்குடா."

ஹோம குண்டத்தைப் பலகையோடு தூக்கிக்கொண்டு மூவரும் மணமக்களைச் சுற்றி வந்தார்கள். ஐயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. நெருப்பு போகிற இடத்துக்கு மந்திரமும் போயாக வேண்டுமே. நெய்க் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, புகையைக் குடித்துக்கொண்டு, பின்னாலேயே ஓடினார். முதல் சுற்றில் மந்திரம் கொஞ்சம் விட்டுப்போனது. இரண்டாவது சுற்றில் கிண்ணம் விட்டுப்போனது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் பந்தல் வாழைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டார்.

தையல்நாயகி அம்மாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளின் காதருகே குனிந்தார்.

"நல்லவேளைடி, இவரு வீட்ல சம்பந்தம் பண்ணலை."